'சட்டம் ஒரு இருட்டறை'னு சொன்னது விஜயகாந்தா, அண்ணாவா? காஞ்சிபுரத்துக்காரரின் வசனத்தில் சினிமா எடுத்துக்கிட்டது எந்தப் பாதி?

பெரிய காஞ்சிபுரத்தில் கச்சபேஸ்வரர் கோயில் பக்கம் போனாலும் சரி, காந்தி ரோடு பட்டுக்கடைகள் பக்கம் போனாலும் சரி, காலை நேர டீக்கடைப் பேச்சு ஒரே மாதிரிதான். டிவியில் கொடூரமான குற்றச் செய்தி ஒன்று ஓடும். கையில் கிளாஸோடு ஒருத்தர், "இவனையெல்லாம் எதுக்கு கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க? அங்கேயே முடிச்சு விட வேண்டியதுதானே" என்பார். இன்னொருத்தர், "கோர்ட்டுக்குப் போனா பத்து வருஷம் ஆகும், அப்புறம் ஜாமீன்ல வந்துடுவான்" என்பார். பெரியவர் ஒருவர், "சட்டம் ஒரு இருட்டறைப்பா" என்று சொல்லி காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவார்.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது விஜயகாந்த். 1981-ல் வந்த படத்தின் பெயர் அது. ஆனால் அந்தப் பெயர் அதற்கும் 32 வருடங்களுக்கு முன்பே தமிழ் சினிமாவில் வசனமாக வந்துவிட்டது. எழுதியவர் இதே காஞ்சிபுரத்துக்காரர், சி.என்.அண்ணாதுரை. அவர் எழுதியது இருட்டறையோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம். அதே வசனத்தில் ஒரு விளக்கும் இருந்தது.

இருட்டறை மட்டும் எப்படி தனியாகப் பிரிந்து, தமிழில் ஆரம்பித்து தெலுங்கு, கன்னடம், இந்தி வரைக்கும் போனது? 'சட்டத்தைக் கையில் எடுக்கும் ஹீரோ' என்ற ஃபார்முலா எப்படி நிலைத்தது? விளக்கு என்ன ஆனது?

'வேலைக்காரி' - பழிவாங்க வந்தவன் வக்கீலான கதை

1909 செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் அண்ணா. ஊரிலேயே பச்சையப்பன் பள்ளியில் படித்தார். கொஞ்ச காலம் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் கிளார்க் வேலையும் பார்த்தார். சென்னைக்குப் போய் எம்.ஏ. முடித்து, பிறகு 1942-ல் 'திராவிட நாடு' இதழைக் காஞ்சிபுரத்திலிருந்து தொடங்கினார். இதே தொகுதியில் 1957-ல் ஜெயித்ததும் உண்டு, 1962-ல் தோற்றதும் உண்டு. 1967-ல் முதலமைச்சர். இன்று ஊரில் நினைவு இல்லம், காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை, பட்டுக் கூட்டுறவு சங்கம் என்று எங்கே திரும்பினாலும் அவர் பெயர்தான்.

அவர் எழுதிய 'வேலைக்காரி' நாடகம் 1949 பிப்ரவரியில் சினிமாவாக வந்தது. ஜூபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பு, ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கம். கே.ஆர்.ராமசாமி ஹீரோ. அண்ணா தி.மு.க.வைத் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில்.

கதையை இன்றைக்கு யாராவது புதுசாகச் சொன்னால், இது பக்கா பழிவாங்கும் படம் என்றுதான் நினைப்போம். வெளியூர் போய் சம்பாதித்துவிட்டு அப்பாவைப் பார்க்க ஆசையாக ஊர் திரும்புகிறான் ஆனந்தன். அப்பா தூக்கில் தொங்கியிருக்கிறார். காரணம், வேதாசல முதலியார் என்ற பணக்காரரின் கடன் நெருக்கடியும் அவமானமும். ஆனந்தன் கத்தியைத் தீட்டுகிறான். வேதாசலத்தைக் கொன்றே தீருவது என்று கிளம்புகிறான்.

அங்கேதான் நண்பன் மணி தடுக்கிறான். இந்த வேடத்தில் நடித்தவர் டி.எஸ்.பாலையா. தீட்ட வேண்டியது கத்தியை அல்ல, புத்தியை என்று அவன் சொல்லும் இடம் இன்றைக்கும் பழமொழி மாதிரி புழக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆனந்தன் செய்வதெல்லாம் மூளை விளையாட்டு. இறந்துபோன ஒரு பணக்கார இளைஞனின் பெயரில் வேடம் போட்டு, வேதாசலத்தின் வீட்டுக்கே மாப்பிள்ளையாகப் போய், அந்த வீட்டின் கௌரவத்தை உள்ளேயிருந்து கலைக்கிறான்.

திருப்பம் கடைசியில் வருகிறது. வேதாசலத்தின் மகன் மூர்த்தி மீது கொலைப்பழி விழுகிறது. ஆனந்தன் நினைத்திருந்தால் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்திருக்கலாம். எதிரியின் மகன் தூக்குக்குப் போனால் பழி தீர்ந்தது. ஆனால் அவன் வக்கீல் வேடத்தில் கோர்ட்டுக்குப் போகிறான், மூர்த்திக்காக வாதாடுகிறான், காப்பாற்றுகிறான். அந்த கோர்ட் காட்சியில்தான் அந்த வசனம். சட்டத்தை இருட்டறைக்கு ஒப்பிடும் அதே மூச்சில், வக்கீலின் வாதத்தை அந்த அறைக்குள் ஏற்றும் விளக்காகச் சொல்கிறது அது. மேடைகளில் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள், அந்த விளக்கு ஏழைக்கு எட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்.

ஆக, அண்ணா சட்டத்தைப் புகழவில்லை. உள்ளே இருட்டுதான் என்று ஒப்புக்கொண்டுதான் பேசினார். 'ஆரிய மாயை' நூலுக்காக அவரே வழக்கைச் சந்தித்து சிறைக்குப் போனவர். ஆனாலும் அவருடைய ஹீரோ அறையைக் கொளுத்தவில்லை, உள்ளே விளக்கோடு போனான். கொலைவெறியோடு ஆரம்பித்த ஒரு கதையை, எதிரியின் பிள்ளைக்கு ஆஜராகும் வக்கீலிடம் கொண்டுபோய் முடிக்க 1949-லேயே ஒருத்தர் துணிந்திருக்கிறார்!

1981 - விளக்கு அணைந்தது

அப்படியே 32 வருடம் தாண்டுவோம். 1981 பொங்கலுக்கு 'சட்டம் ஒரு இருட்டறை' ரிலீஸ். இயக்கம் எஸ்.ஏ.சந்திரசேகரன், கதை அவர் மனைவி ஷோபா, இசை சங்கர் - கணேஷ். ஹீரோ, 1979-ல் 'இனிக்கும் இளமை' மூலம் அறிமுகமாகி பெரிய பிரேக் கிடைக்காமல் இருந்த மதுரைக்காரர் விஜயகாந்த்.

சின்ன வயதில் குடும்பத்தைக் கொலைகாரர்களிடம் பறிகொடுக்கிறான் பையன். கொன்ற மூன்று பேரும் சட்டத்தின் ஓட்டை வழியாகத் தப்பிவிடுகிறார்கள். வளர்ந்ததும் அவன் அந்த மூன்று பேரையும் ஒவ்வொருத்தராகத் தேடிப் போகிறான். அவர்கள் தப்பித்த அதே ஓட்டைகளைத் தானும் பயன்படுத்துகிறான். குறுக்கே நிற்பது யார் தெரியுமா? அவனுடைய சொந்த அக்கா. போலீஸ் அதிகாரி. தம்பி சட்டத்தை நம்பவில்லை, அக்கா சட்டத்தைத் தவிர வேறெதையும் நம்பவில்லை.

இந்த அக்கா - தம்பி மோதல்தான் படத்தின் பலம். சட்டம் சரியா தப்பா என்ற வாதத்தை மேடையில் பேசாமல் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். தியேட்டரில் கைதட்டல் விழுந்தது தம்பிக்குத்தான் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பெயர் அண்ணாவுடையது. ஆனால் இங்கே விளக்கு இல்லை. 'வேலைக்காரி' ஆனந்தன் இருட்டுக்குள் வெளிச்சம் கொண்டுபோனான் என்றால், இந்த ஹீரோ இருட்டையே தனக்கு மறைவாக வைத்துக்கொள்கிறான். சாட்சி இல்லாமல் குற்றவாளி தப்பிக்க முடியும் என்றால், சாட்சி இல்லாமல் நானும் கொல்ல முடியும். இதுதான் அவன் லாஜிக். கேட்க நியாயமாக இருக்கிறது, இல்லையா? சிக்கலும் அங்கேதான்.

படம் விஜயகாந்துக்கும் எஸ்.ஏ.சி.க்கும் வாழ்க்கையையே மாற்றியது. அதற்கப்புறம் எஸ்.ஏ.சி. படங்களின் பெயர்களைப் பார்த்தாலே போதும்: 'சாட்சி', 'நீதியின் மறுபக்கம்', 'நீதிக்குத் தண்டனை', 'சட்டம் ஒரு விளையாட்டு'. இதில் 1987-ல் வந்த 'நீதிக்குத் தண்டனை'க்கு வசனம் கலைஞர் கருணாநிதி. கோர்ட் கூண்டு, கோபம் இரண்டையும் வைத்தே பத்து வருஷம் ஓட்டினார் மனிதர். அவர் படங்களில் ஹீரோவுக்கு 'விஜய்' என்ற பெயரும் அடிக்கடி வரும். அதே பெயருள்ள அவர் மகன் 1984-ல் 'வெற்றி'யில் குழந்தை நட்சத்திரமாக வந்ததும், பிறகு நடந்ததும் ஊருக்கே தெரியும்.

ரஜினி, அமிதாப்... கூடவே ஒரு சட்டக் கோளாறு

படம் ஹிட் ஆனதும் பக்கத்து மாநிலங்கள் வரிசையில் நின்றன. தெலுங்கில் அதே ஆண்டு சிரஞ்சீவி நடிக்க 'சட்டானிகி கள்ளு லேவு'. கன்னடத்தில் 1982-ல் சங்கர் நாக் நடிக்க 'நியாய எல்லிதே'. இரண்டையும் எஸ்.ஏ.சி.யே இயக்கினார். இந்தியில் 1983-ல் டி.ராமராவ் இயக்கிய 'அந்தா கானூன்'. ரஜினிகாந்துக்கு முதல் இந்திப் படம் அதுதான். போலீஸ் அக்காவாக ஹேமமாலினி. கூடவே ஒரு முக்கிய வேடத்தில் அமிதாப் பச்சன். பின்னர் 2012-ல் தமிழிலேயே அதே பெயரில் மறுபடியும் எடுத்தார்கள்.

'அந்தா கானூன்' படத்தில் அமிதாப்பின் கதையை இன்றைக்கும் பலர் சட்டம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். செய்யாத கொலைக்கு ஜெயிலுக்குப் போகிறார். வெளியே வந்தால், செத்ததாகச் சொல்லப்பட்ட ஆள் உயிரோடு சுற்றுகிறான். இப்போது நிஜமாகவே கொல்கிறார். "இந்தக் கொலைக்குத்தான் ஏற்கெனவே தண்டனை அனுபவிச்சுட்டேனே!" என்பது வாதம்.

நிஜ கோர்ட்டில் இது செல்லாது. அரசியலமைப்பின் பிரிவு 20(2) சொல்வது, ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்பதைத்தான். நடக்காத கொலைக்குக் கிடைத்த தண்டனை, அடுத்து செய்யும் கொலைக்கு முன்பணம் ஆகாது. அது வேறு நாள், வேறு செயல், வேறு குற்றம். பொய் வழக்கில் ஜெயிலுக்குப் போனவர் செய்யக்கூடியது, ஆள் உயிரோடு இருப்பதைக் காட்டி அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பது. அதில் சண்டைக்காட்சி வைக்க முடியாது, அவ்வளவுதான்.

வாத்தியார், பிராமணப் பையன், தியாகி - கோபத்துக்கு எத்தனை முகம்!

1985-ல் ரஜினியை வைத்து எஸ்.ஏ.சி. எடுத்த 'நான் சிகப்பு மனிதன்', இந்தப் பாதையில் அடுத்த பெரிய படி. 1984-ல் வந்த இந்திப் படம் 'ஆஜ் கி ஆவாஸ்' படத்தின் ரீமேக் அது. குடும்பத்தைப் பறிகொடுத்த கல்லூரிப் பேராசிரியர் ராத்திரியில் துப்பாக்கியோடு கிளம்பி ரவுடிகளைச் சுடுகிறார். இங்கே ஒரு நுணுக்கமான மாற்றம் நடந்தது. 'சட்டம் ஒரு இருட்டறை' ஹீரோ கொன்றது தன் குடும்பத்தைக் கொன்றவர்களை. பேராசிரியர் சுடுவது தனக்குச் சம்பந்தமே இல்லாதவர்களையும். பழிவாங்கல் 'சமூக சேவை' ஆனது இங்கேதான்.

அந்தச் சேவையை பிரம்மாண்டமாக்கியவர், எஸ்.ஏ.சி.யிடம் உதவி இயக்குநராக இருந்த ஷங்கர். 1993 'ஜென்டில்மேன்' ஹீரோ மெடிக்கல் சீட் மறுக்கப்பட்ட ஏழை மாணவன், கல்லூரி கட்டக் கொள்ளையடிக்கிறான். 1996 'இந்தியன்' தாத்தா, நேதாஜி படையில் இருந்தவர், லஞ்ச அதிகாரிகளை வர்மக்கலையால் கொல்கிறார். கமலுக்கு தேசிய விருது வாங்கித் தந்த படம். 2005 'அந்நியன்' ஹீரோ, சட்டத்தை வரி விடாமல் மதிக்கும் ஒரு சாது வக்கீல். அவனுக்குள் இருக்கும் இன்னொரு ஆள் கருட புராணப்படி தண்டனை கொடுக்கிறான்.

நடுவில் 2002-ல் ஏ.ஆர்.முருகதாஸின் 'ரமணா'. மறுபடியும் விஜயகாந்த், மறுபடியும் பேராசிரியர். தரமில்லாத கட்டடம் இடிந்து மனைவி குழந்தையை இழந்தவர். அதிகாரிகளைக் கூட்டமாகக் கடத்தி, அதில் ஊழலில் முதலிடம் பிடித்தவரை மட்டும் கொல்வார். தெலுங்கில் 'டாகூர்', இந்தியில் 'கப்பர் இஸ் பேக்' என்று அதுவும் ஊர் சுற்றியது. அடுத்த மூன்றாவது வருடம் விஜயகாந்த் கட்சி ஆரம்பித்தார், 2011-ல் எதிர்க்கட்சித் தலைவர். 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது பலரும் பகிர்ந்த காட்சிகளில் ரமணாவும் ஒன்று.

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். படம் முழுக்க ஹீரோவுக்கு விசில் அடிக்க வைக்கும் டைரக்டர்களுக்கே கிளைமாக்ஸ் வந்ததும் கை நடுங்குகிறது. 'ஜென்டில்மேன்' ஜெயிலுக்குப் போகிறான். ரமணா தப்பிக்க வழி இருந்தும் தூக்குமேடைக்குப் போகிறார். 'அந்நியன்' ஹீரோவுக்கு மனநல சிகிச்சை. மூன்று மணி நேரம் உடைத்த சட்டத்துக்கு கடைசி பத்து நிமிஷத்தில் ஒரு கும்பிடு! சென்சாருக்காகவா, மனசாட்சிக்காகவா என்பது அவரவர் கணிப்பு.

நியூயார்க் முதல் டாக்கா வரை

இந்த ஃபார்முலா தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. 1974-ல் ஹாலிவுட்டில் சார்லஸ் பிரான்சன் நடித்த 'டெத் விஷ்' தான் இந்த வகைக்குத் தாத்தா. நியூயார்க்கில் மனைவியைப் பறிகொடுத்த ஒரு கட்டடக்கலை நிபுணர் ராத்திரியில் துப்பாக்கியோடு திரிவார். மூல நாவலை 1972-ல் எழுதிய பிரையன் கார்ஃபீல்ட், படத்தைப் பார்த்து நொந்துபோனார். தான் எழுதியது இப்படி ஒரு ஆளை ஹீரோவாகக் கொண்டாட அல்ல என்பது அவர் வருத்தம். பரிகாரம் மாதிரி 1975-ல் 'டெத் சென்டென்ஸ்' என்று அடுத்த நாவல் எழுதினார். ஆனால் யார் கேட்டார்கள்? 'டெத் விஷ்' பாகம் பாகமாக வந்துகொண்டே இருந்தது.

வங்க மொழியில் தேடினால் வங்கதேசத்துப் படம் 'அம்மாஜான்' கிடைக்கும். 1999-ல் காஜி ஹயாத் இயக்கியது. அந்த ஊர் ஆக்‌ஷன் ஸ்டார் மன்னா ஹீரோ, அம்மாவாக ஷப்னம். தாய்க்கு நடந்த பாலியல் கொடுமையைச் சிறுவயதில் கண்ணால் பார்த்த மகன், வளர்ந்து அப்படிப்பட்டவர்களைத் தேடிக் கொல்கிறான். டாக்காவில் இன்றைக்கும் அது கிளாசிக். 2008-ல் மன்னா இறந்த பிறகும் அந்தப் படத்தின் பெயர் சொன்னால் எழுந்து உட்காருகிற ரசிகர்கள் உண்டு. ஊர் வேறு, மொழி வேறு. போலீஸுக்குப் போனா ஒண்ணும் நடக்காது என்ற நம்பிக்கையின்மை மட்டும் ஒன்று.

நிஜத்தில் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது?

கொஞ்சம் இடம் உண்டு. தற்காப்பு உரிமை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் அதைச் சொல்கின்றன. உங்கள் உயிருக்கோ, அடுத்தவர் உயிருக்கோ, உடைமைக்கோ ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது தடுக்கலாம். கொலை முயற்சி, பாலியல் வன்கொடுமை போன்ற நிலைமைகளில், தடுக்கும்போது தாக்குகிறவர் செத்தாலும் குற்றமில்லை. ஆனால் ஆபத்து முடிந்த அந்த நிமிஷமே உரிமையும் முடிந்தது. மறுநாள் தேடிப் போனால் அது தற்காப்பு இல்லை, பழிவாங்கல். திடீர் ஆத்திரத்தில், கட்டுப்பாடு இழந்து செய்தால் கொலைக்குற்றம் கொஞ்சம் குறையலாம். ஹீரோ மாதிரி பிளான் போட்டு, லிஸ்ட் எழுதி, இடைவேளைக்கு முன் ஒன்று, பின் இரண்டு என்று முடித்தால், பிரிவு 103-ன் கீழ் ஆயுள் அல்லது தூக்கு.

மக்கள் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாட்டின் கீழ் நீதிமன்றங்களில் மட்டும் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு இது ரொம்பவே தெரிந்த விஷயம். சேலை உள்ளிட்ட சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கும் சட்டம் 1985-லேயே வந்தது. இருந்தும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுகிறது என்ற புகார் நிற்கவே இல்லை. சட்டம் இருக்கிறது, நடக்கவில்லை. இப்படிப்பட்ட ஊரில் இருட்டறை வசனம் பிடித்துப்போவதில் என்ன ஆச்சரியம்?

ஹைதராபாத்தில் தூவிய பூ

திரையில் அடித்த விசில் ரோட்டுக்கு வந்த நாள் 2019 டிசம்பர் 6. ஹைதராபாத் அருகே பெண் கால்நடை மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் கைதான நாலு பேரை, விடிகாலையில் சம்பவ இடத்துக்குக் கூட்டிப் போன போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் பூ தூவினார்கள், போலீஸுக்கு இனிப்பு ஊட்டினார்கள். வழக்கு விசாரணையே ஆரம்பிக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் முன்னாள் நீதிபதி சிர்புர்கர் தலைமையில் அமைத்த கமிஷனின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. தப்பிக்கப் பார்த்தார்கள், துப்பாக்கியைப் பிடுங்கினார்கள் என்ற போலீஸின் கதையை நம்ப முடியவில்லை, சாகடிக்கும் நோக்கத்தோடுதான் சுட்டிருக்கிறார்கள் என்றது அறிக்கை. 10 போலீஸார் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. சுடப்பட்ட நாலு பேரில் மூன்று பேர் சம்பவ நேரத்தில் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. அவர்கள் குற்றவாளிகளா என்று எந்த நீதிமன்றமும் இனி சொல்ல முடியாது. செத்துப்போன அந்தப் பெண்ணுக்கும் தீர்ப்பு என்று ஒன்று கிடைக்கவே போவதில்லை.

அதற்கு ஆறே மாதத்தில் தமிழ்நாட்டில் சாத்தான்குளம். 2020 ஜூன் 19. லாக்டவுன் நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் அடித்துத் துன்புறுத்தப்பட்டு இறந்தார்கள். ஹைதராபாத்துக்குக் கைதட்டிய அதே டைம்லைன்களில் சாத்தான்குளத்துக்குக் கண்ணீர். கோர்ட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனிலேயே 'தீர்ப்பு' எழுதும் அதிகாரத்தை ஒரு இடத்தில் பாராட்டிவிட்டு, இன்னொரு இடத்தில் மட்டும் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சாத்தான்குளத்தில் உண்மை வெளியே வந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் பயத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலம். மதுரை உயர் நீதிமன்றக் கிளை தானாகவே வழக்கைக் கையில் எடுத்து, அவருக்குப் பாதுகாப்பும் கொடுக்கச் சொன்னது.

அதே ரஜினி, அதே அமிதாப்... இந்த முறை வேற கதை

தமிழ் சினிமாவுக்கும் விளக்கு ஞாபகம் வந்தது. 2021 நவம்பரில் த.செ.ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்'. போலீஸ் காவலில் கணவனைத் தொலைத்த ஒரு ஏழைப் பெண், ஒரு வக்கீல், ஒரு ஆட்கொணர்வு மனு. 1993-ல் நடந்த நிஜ வழக்கு அது. அதில் வாதாடிய கே.சந்துரு பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியானார். சூர்யா மாதிரி ஒரு மாஸ் ஹீரோ படம் முழுக்க யாரையும் பழிவாங்காமல், சட்டப் புத்தகத்தையும் சாட்சிகளையும் வைத்தே ஜெயிக்கிறார். போரடிக்கும் என்று யாரும் எழுந்து போகவில்லை. 'வேலைக்காரி' கோர்ட் காட்சிக்குப் பிறகு, வக்கீலின் வாதத்துக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்த தமிழ்ப் படங்கள் குறைவு.

அதே ஞானவேல் 2024 அக்டோபரில் 'வேட்டையன்' எடுத்தார். ரஜினி என்கவுன்டர் போலீஸ் அதிகாரி. ஒரு ஆசிரியை கொலை, ஊரெல்லாம் கொதிப்பு, சீக்கிரம் சுட்டுத்தள்ளு என்ற நெருக்கடி. சுடுகிறார். பிறகுதான் தெரிகிறது, செத்தவன் குற்றவாளியே இல்லை. அவசர நீதி அநீதி என்று அவருக்குப் புரியவைக்கும் நீதிபதியாக வருபவர் யார் தெரியுமா? அமிதாப் பச்சன். 1983-ல் 'அந்தா கானூன்' படத்தில் சட்டத்துக்குக் கண் இல்லை என்று சொல்லி ஆளுக்கொரு பக்கம் கொன்ற அதே ஜோடி, 41 வருஷம் கழித்து எதிர்ப்பக்கம் நின்று பேசியது. படம் அண்ணா எழுதியதை ஒருமுறைகூட நினைவுபடுத்தவில்லை. ஆனால் வட்டம் அங்கேதான் வந்து முடிந்தது.

விளக்கு எட்டுமா?

காஞ்சிபுரத்தைப் பற்றியே ஒரு படம் உண்டு. பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்', 2007-க்கான சிறந்த படம், சிறந்த நடிகர் தேசிய விருதுகளை வாங்கியது. பிரகாஷ்ராஜ் அதில் நெசவாளி. மகளுக்குப் பட்டுச்சேலை கட்டிக் கல்யாணம் பண்ண ஆசை, ஆனால் வாழ்நாள் முழுக்க நெய்தாலும் ஒரு பட்டு வாங்க முடியாது. முதலாளியின் பட்டு இழையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஒளித்துத் திருடுகிறான். பிடிபடுகிறான், கைவிலங்கு. படம் தொடங்குவது 1948-ல், 'வேலைக்காரி' வருவதற்கு முந்தைய வருஷம். அவன் சார்பில் பேச ஒரு வக்கீல் அந்தக் கதையில் இல்லை.

இன்றைக்கு அப்படி ஒருவருக்கு வக்கீல் கேட்க வழி இருக்கிறது. அரசியலமைப்பின் 39-ஏ பிரிவும், 1987-ன் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமும் இலவச வக்கீலுக்கு உரிமை தருகின்றன. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வக்கீல் ஃபீஸ், கோர்ட் கட்டணம், ஆவணம் தயாரிக்கும் செலவு எல்லாம் இதில் அடங்கும். மாவட்ட, வட்ட அளவிலான சட்டப் பணிக் குழுக்கள் நீதிமன்ற வளாகங்களிலேயே இருக்கின்றன. மனு கைப்பட எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொல்லலாம், அங்கிருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள். போனில் கேட்க 15100.